இணையர் தொடர்பாடலில் ஆண்-பெண் வேறுபாடுகள்

இணையர் தொடர்பாடலில் ஆண்-பெண் வேறுபாடுகள் என்பது காதலர், கணவன்-மனைவி ஆகியோர் தம்முள் பேசும் முறை, கேட்கும் முறை, பிணக்கைக் கையாளும் முறை ஆகியவற்றில் பாலின அடிப்படையில் காணப்படும், அல்லது காணப்படுவதாக நம்பப்படும், வேறுபாடுகளைக் குறிக்கும். 1970கள் முதல் மொழியியல், சமூகவியல், உளவியல் ஆகிய துறைகளைச் சேர்ந்தவர்கள் இதனை ஆராய்ந்து வருகின்றனர். ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்காவில் நடத்தப்பட்டவை. ஆகவே இவற்றின் முடிவுகளை எல்லாச் சமூகங்களுக்கும் அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டது கோரல்-விலகல் பாங்கு ஆகும். இணையரில் ஒருவர் ஒரு சிக்கலைப் பேசித் தீர்க்க வற்புறுத்துவதும், மற்றவர் பேச்சைத் தவிர்த்து விலகுவதும் இதன் இயல்பு. வற்புறுத்துபவர் பெரும்பாலும் பெண்ணாகவும் விலகுபவர் பெரும்பாலும் ஆணாகவும் இருப்பது ஏன் என்ற வினாவைச் சுற்றியே கடந்த நாற்பது ஆண்டு விவாதம் அமைந்துள்ளது.

தொடக்ககால ஆய்வுகள்

பெண்களின் மொழி பற்றிய தற்கால விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் ராபின் லேக்காஃப். 1973இல் கட்டுரையாகவும் 1975இல் நூலாகவும் வெளியான அவருடைய படைப்பு, பெண்கள் தம் கூற்றை உறுதியாக முடிக்காமல் "இல்லையா?", "அல்லவா?" போன்ற ஒட்டு வினாக்களைச் சேர்ப்பதாகவும், "ஒருவேளை", "என்று தோன்றுகிறது" போன்ற தயக்கச் சொற்களை மிகுதியாகப் பயன்படுத்துவதாகவும் கூறியது. இதனை அவர் பெண்ணின் பிறவிக் குணமாகக் கொள்ளாமல், சமூகத்தில் அவளுக்கு அளிக்கப்பட்ட தாழ்ந்த இடத்தின் விளைவாகவே கண்டார். அவர் பெரிதும் தம் மொழி உள்ளுணர்வையும் தம்மைச் சுற்றிக் கேட்டவற்றையுமே சான்றாகக் கொண்டிருந்தமையால், எண்ணிப் பார்க்கும் வேலை அடுத்து வந்தவர்களுக்கு விடப்பட்டது.

1975இல் டான் சிம்மர்மன், கேண்டேஸ் வெஸ்ட் ஆகிய சமூகவியலாளர்கள் 31 உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதை எண்ணினர். ஆணும் பெண்ணும் பேசிக்கொண்ட 11 உரையாடல்களில் 48 குறுக்கீடுகள் இருந்தன. அவற்றுள் 46 ஆண்கள் செய்தவை. இந்த எண் பல பாடநூல்களில் இடம்பெற்றுப் புகழ்பெற்றது. எனினும் 11 உரையாடல்கள் என்பது மிகச் சிறிய மாதிரி. 1998இல் கிறிஸ்டின் ஆண்டர்சன், கேம்ப்பெல் லீப்பர் ஆகியோர் 43 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, ஆண்கள் சற்றே கூடுதலாகக் குறுக்கிடுவதாகவும், ஆனால் அவ்வேறுபாடு மிகச் சிறியது என்றும் தெரியவந்தது.

வீட்டினுள் நடக்கும் பேச்சை நேரடியாகப் பதிவு செய்த முன்னோடி ஆய்வு பமேலா ஃபிஷ்மனுடையது (1978). மூன்று இணையரின் வீடுகளில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து அவர் 52 மணி நேரப் பேச்சைச் சேகரித்தார். அதன் ஒரு பகுதியை எழுத்தில் பெயர்த்து ஆராய்ந்ததில், பெண்கள் 263 வினாக்களும் ஆண்கள் 107 வினாக்களும் கேட்டிருந்தனர். புதிய பேச்சுப் பொருளைத் தொடங்கியவர் யார் என்பதையும் அவர் எண்ணினார். பெண்கள் தொடங்கிய 47 பொருள்களில் 17 மட்டுமே உரையாடலாக வளர்ந்தன. ஆண்கள் தொடங்கிய 29 பொருள்களில் 28 வளர்ந்தன. பேசப்பட்ட பொருள்கள் இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒரே வகையின. வேறுபட்டது எதிரில் இருந்தவர் காட்டிய ஈடுபாடே: பெண் தொடங்கினால் ஆண் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டார், ஆண் தொடங்கினால் பெண் வினா எழுப்பி வளர்த்தார். வினாவுக்கு விடை சொல்லாமல் இருப்பது முறையன்று என்பதால், தம் பேச்சுக்குப் பதில் கிடைக்காத பெண்கள் வினா வடிவத்தை நாடினர் என்று ஃபிஷ்மன் விளக்கினார். பேச்சை உயிரோடு வைத்திருக்கும் இவ்வுழைப்பை வீட்டு வேலையைப் போலவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை என அவர் கருதினார். மூன்று இணையரைக் கொண்டு உலகப் பொதுமை பேச முடியாது. ஆயினும் ஒரு நாள் தம் வீட்டுப் பேச்சைக் கவனிக்கும் எவருக்கும் இந்த எண்கள் நினைவுக்கு வரக்கூடும்.

இரு பண்பாட்டுக் கருதுகோள்

1982இல் மானிடவியலாளர்களான டேனியல் மால்ட்ஸ், ரூத் போர்க்கர் ஆகியோர் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். சிறுவர்கள் சிறுவர்களோடும் சிறுமியர் சிறுமியரோடும் விளையாடி வளர்வதால், இரு பாலாரும் பேச்சின் விதிகளை வெவ்வேறாகக் கற்கின்றனர். வளர்ந்தபின் இணையும்போது இரு வேறு நாட்டவர் பேசுவதைப் போன்ற பிறழ்ச்சி ஏற்படுகிறது என்பது அவர்கள் கருத்து. இதற்கு அவர்கள் தந்த எடுத்துக்காட்டு, தமிழில் "ம்" கொட்டுதல் எனப்படும் செயலாகும். பெண்ணுக்கு "ம்" என்பது "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" எனப் பொருள்படும்; ஆணுக்கு அது "ஒப்புக்கொள்கிறேன்" எனப் பொருள்படும். எனவே அவள் இடைவிடாது "ம்" கொட்டினால், எல்லாவற்றுக்கும் உடன்படுகிறாள் என அவன் எண்ணிப் பின்னர் குழம்புகிறான். அவன் "ம்" கொட்டாமல் இருந்தால், காதில் வாங்கவே இல்லை என அவள் எண்ணுகிறாள்.

இக்கருதுகோளைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தவர் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மொழியியலாளர் டெபோரா டேனன். "உங்களுக்குப் புரிவதே இல்லை" எனப் பொருள்படும் தலைப்பில் 1990இல் வெளியான அவருடைய நூல் பெரும் விற்பனை கண்டது. பெண்கள் நெருக்கத்தை வளர்க்கப் பேசுகின்றனர், ஆண்கள் செய்தியையும் தம் நிலையையும் தெரிவிக்கப் பேசுகின்றனர் என அவர் வகைப்படுத்தினார். மனைவி தன் அலுவலகத் தொல்லையைச் சொல்லும்போது கணவன் உடனே தீர்வு சொல்வதும், அவள் வேண்டியது தீர்வன்று, துணையே என்பதால் இருவரும் வருந்துவதும் அவர் விளக்கிய நிகழ்வுகளில் மிகவும் பரவியதாகும். 1992இல் ஜான் கிரே எழுதிய நூல் ஆண்களைச் செவ்வாய்க் கோளிலிருந்தும் பெண்களை வெள்ளிக் கோளிலிருந்தும் வந்தவர்களாக உருவகித்தது. அது ஆய்வு நூலன்று. டேனனின் நூலோடு அதனை ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது.

இக்கருதுகோள் பின்னர் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 2004இல் எரினா மெக்ஜார்ஜும் உடன் ஆய்வாளர்களும் 738 பேரிடம், துன்பத்தில் இருப்பவருக்கு எவ்வாறு ஆறுதல் சொல்வார்கள், தமக்கு எத்தகைய ஆறுதல் வேண்டும் என ஆராய்ந்தனர். இரு பாலாரும் பெரும்பாலும் ஒரே வகை ஆறுதலையே விரும்பினர். ஆண்களும் தீர்வைக் காட்டிலும் பரிவையே நாடினர் என்பது குறிப்பிடத்தக்கது. 2005இல் உளவியலாளர் ஜேனட் ஹைட், ஆண்-பெண் வேறுபாடு பற்றிய 46 தொகுப்பாய்வுகளை மீளாய்வு செய்தார். அளக்கப்பட்ட வேறுபாடுகளில் 78 விழுக்காடு சிறியவை அல்லது ஏறத்தாழ சுழி என அவர் கண்டார். மொழியியலாளர் டெபோரா கேமரன் 2007இல் செவ்வாய்-வெள்ளி உருவகத்தை மறுத்துத் தனி நூலே எழுதினார். இரு தரப்புக்கும் சமமான அதிகாரம் இருப்பதாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வெறும் "புரிதல் பிழை" ஆக்கிவிடுகிறது என்பது இக்கருதுகோளின் மீதான முதன்மைக் குறையாகும்.

கோரல்-விலகல் பாங்கு

இப்பாங்கின் கட்டமைப்பை 1967இலேயே பால் வாட்சுலாவிக், ஜேனட் பீவன், டான் ஜாக்சன் ஆகியோர் மனிதத் தொடர்பாடல் பற்றிய தம் நூலில் விளக்கியிருந்தனர். கணவன் ஒதுங்குகிறான், மனைவி குறை சொல்கிறாள். "நீ குறை சொல்வதால்தான் ஒதுங்குகிறேன்" என்கிறான் அவன். "நீங்கள் ஒதுங்குவதால்தான் குறை சொல்கிறேன்" என்கிறாள் அவள். இருவரும் ஒரே தொடர் நிகழ்வைத்தான் விவரிக்கின்றனர். ஆனால் அதன் தொடக்கப் புள்ளியை ஒவ்வொருவரும் வேறிடத்தில் வைக்கின்றனர். பொறியியலில் நேர்ப் பின்னூட்டம் எனப்படும் சுழற்சியை இது ஒத்தது: ஒரு பக்கத்தின் வெளியீடு மறுபக்கத்தின் உள்ளீடாகி, ஒவ்வொரு சுற்றிலும் வலுக்கிறது. ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியை வைத்தால் எழும் கூச்சலுக்கும் காரணம் இதுவே. அங்கே எந்தக் கருவி கூச்சலைத் "தொடங்கியது" என்று கேட்பதில் பொருளில்லை.

குடும்பச் சிகிச்சையாளர்கள் இதனைத் துரத்துபவர்-விலகுபவர் எனப் பல பெயர்களால் அழைத்து வந்தனர். லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் 1980களில் இதனை அளவிடும் வினாப்பட்டியலை உருவாக்கினார். இணையரிடம் வினவியபோது "பெண் கோருகிறாள், ஆண் விலகுகிறான்" என்ற வடிவமே மறுவடிவத்தைக் காட்டிலும் மிகுதியாகத் தெரிவிக்கப்பட்டது. ஆனால் இது இயல்பாலா, சூழலாலா என்பதை வினாப்பட்டியலால் பிரித்தறிய முடியவில்லை.

இதற்குக் கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990இல் எளிய, ஆனால் நுட்பமான ஒரு சோதனையை வெளியிட்டனர். 31 இணையரில் ஒவ்வொருவரும் இரண்டு முறை விவாதித்தனர். ஒரு விவாதத்தின் பொருள், கணவனிடம் மனைவி எதிர்பார்க்கும் மாற்றம். மற்றொன்றின் பொருள், மனைவியிடம் கணவன் எதிர்பார்க்கும் மாற்றம். பெண்ணின் இயல்பே வற்புறுத்துவதும் ஆணின் இயல்பே விலகுவதும் என்றால், இரு விவாதங்களிலும் ஒரே வடிவம் தோன்ற வேண்டும். கண்டதோ வேறு. மனைவி மாற்றம் வேண்டிய விவாதத்தில் அவள் கோரினாள், அவன் விலகினான். கணவன் மாற்றம் வேண்டிய விவாதத்தில் இருவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1993இல் வேறு இணையரைக் கொண்டு நடத்திய ஆய்விலும் இதையொத்த முடிவே கிடைத்தது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, மாற்றம் வேண்டுபவரே கோருகிறார். கோருதல் என்பது ஒரு பாலின் குணமாக இருப்பதைவிட ஒரு இடத்தின் தன்மையாகவே பெரிதும் உள்ளது. இரண்டாவது, இடம் மாறியபோது வடிவம் முழுமையாகத் தலைகீழாகவில்லை என்பதால், பாலினத்துக்கும் ஏதோ ஒரு பங்கு இருக்கக்கூடும்.

மாற்றம் வேண்டுபவர் ஏன் பெரும்பாலும் மனைவியாக இருக்கிறார் என்பதற்குச் சமூக அமைப்பு சார்ந்த விளக்கம் உண்டு. வீட்டு வேலை, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றின் பங்கீடு பெண்ணுக்குப் பாதகமாக உள்ள வீட்டில், இப்போதுள்ள நிலை நீடிப்பது கணவனுக்கு நன்மை. அலுவலகம் சென்று திரும்பும் பெண்கள் வீட்டில் "இரண்டாம் பணிமுறை" பார்ப்பதை சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் 1989இல் விரிவாக எழுதினார். மாற்றத்தை விரும்புபவர் அதனைத் தனியாகச் செய்து முடிக்க முடியாது. மற்றவரின் ஒத்துழைப்பு தேவை, ஆகவே பேசியே ஆக வேண்டும். மாற்றத்தை விரும்பாதவர் எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும். இவ்வகையில் மௌனமும் ஒரு வலிமையான பதில்தான். விலகலை ஆணின் கூச்சமாகவோ பேசத் தெரியாமையாகவோ மட்டும் பார்க்கும் விளக்கங்கள் இதனைக் கவனிக்கத் தவறுகின்றன.

உடலியல் விளக்கம்

ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் ஆகியோர் 1980களில் இணையரை ஆய்வகத்தில் அமரவைத்து, பிணக்கு பற்றிப் பேசும்போது அவர்களின் இதயத் துடிப்பு, வியர்வை முதலியவற்றை அளந்தனர். பிணக்கின்போது ஆணின் உடல் விரைவாகக் கிளர்ச்சியுற்று மெதுவாகவே அமைதியடைகிறது, அத்துன்பத்தைத் தவிர்க்கவே அவன் விலகுகிறான் என்ற கருதுகோளை அவர்கள் 1988இல் முன்வைத்தனர். முகத்தில் எந்தக் குறிப்பும் காட்டாமல், பதிலும் சொல்லாமல் அமர்ந்துவிடும் நிலையைக் காட்மன் கற்சுவர் எழுப்புவதற்கு ஒப்பிட்டார். தம் ஆய்வுகளில் அவ்வாறு செய்தவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஆண்கள் என்கிறார் அவர்.

ஆனால் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் கண்டது இதனோடு எளிதில் பொருந்தவில்லை. புதிதாக மணமான 90 இணையரை மருத்துவமனை ஆய்வுப் பிரிவில் 24 மணி நேரம் தங்கவைத்து, இடையிடையே குருதி எடுத்து அவர்கள் ஆராய்ந்தனர். 1993இலும் 1996இலும் வெளியான முடிவுகளின்படி, பகைமை மிக்க விவாதத்தால் உடல் மாற்றங்கள் மனைவியரிடமே மிகுதியாகத் தென்பட்டன. மனைவியின் கடுமையான பேச்சுக்குக் கணவன் விலகலால் பதில் சொன்ன இணையரில், மனைவியின் குருதியில் நார்எபிநெஃப்ரின், கார்ட்டிசால் ஆகிய இயக்குநீர்களின் அளவு கூடியிருந்தது. விலகுபவர் தம் உடலை அமைதிப்படுத்திக்கொள்ள விலகுகிறார் என்றே கொண்டாலும், அதன் விலையை எதிரில் இருப்பவரின் உடல் கொடுக்கிறது.

பாங்கு மாறும் இடங்கள்

இப்பாங்கு எங்கும் ஒரே திசையில் அமைவதில்லை. 2009இல் லாரன் பாப் குழுவினர் 116 தம்பதியரிடம், வீட்டில் நடந்த பிணக்குகளை நாட்குறிப்பாக எழுதச் செய்தனர். வீட்டில் கணவன் கோரி மனைவி விலகுவதும், மனைவி கோரிக் கணவன் விலகுவதும் ஏறத்தாழ ஒரே அளவில் நிகழ்ந்தன. ஆய்வகத்தில் பொருளைத் தேர்ந்து தருபவர் ஆய்வாளர் என்பதையும், வீட்டில் அப்படி எவரும் இல்லை என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். 2010இல் சாரா ஹாலி, வர்ஜீனியா ஸ்டர்ம், லெவன்சன் ஆகியோர் ஒருபாலிணையரையும் ஆண்-பெண் இணையரையும் ஒப்பிட்டனர். இரு ஆண்களோ இரு பெண்களோ இணைந்து வாழும் வீடுகளிலும் இதே பாங்கு காணப்பட்டது. அங்கும் மாற்றம் வேண்டியவரே கோரினார்.

வன்முறை நிலவும் வீடுகள் தனியே கருதத்தக்கவை. ஜூலியா பாப்காக், நீல் ஜேக்கப்சன் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் வன்முறையில் ஈடுபடும் இணையரிடம் கணவன் கோர மனைவி விலகும் வடிவம் மிகுதியாக இருந்தது. அங்கே அவளுடைய மௌனம், மாற்றத்தைத் தடுக்கும் மௌனம் என்பதைவிட அடியைத் தவிர்க்கும் மௌனமாகவே இருக்கக்கூடும். "மனம்விட்டுப் பேசுங்கள்" என்ற பொது அறிவுரை அத்தகைய வீட்டில் ஆபத்தானது.

பால் ஷ்ரோட் குழுவினர் 2014இல், 14,255 பேரை உள்ளடக்கிய 74 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். யார் கோரினாலும் யார் விலகினாலும், இப்பாங்கு மிகுந்த இணையரிடம் உறவு நிறைவு குறைவாக இருந்தது.

ஊடலும் விலகலும்

தமிழ் அகப்பாடல் மரபில் ஊடல் மருதத் திணையின் உரிப்பொருள். திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என இதனையே பேசுகின்றன. இங்கு விலகுபவள் தலைவி. இரந்து வந்து பேச முயல்பவன் தலைவன். மேற்கண்ட ஆய்வுகளின் பொதுவடிவத்துக்கு இது நேர்மாறு. எனினும் ஊடல் பேச்சைத் துண்டிக்கும் விலகலன்று. தலைவனின் தவற்றை அவனுக்கு உணர்த்தும் ஒரு கோரிக்கையே அது, கூடலில் முடிவதாகவே மரபு அதனை அமைத்தது. இலக்கிய மரபைச் சமூகப் புள்ளிவிவரமாகக் கொள்ள முடியாது. ஆனால் மௌனத்தால் கோரவும் முடியும் என்பதை இம்மரபு நன்கு அறிந்திருந்தது.

யார் மிகுதியாகப் பேசுகிறார்?

பெண்கள் நாளொன்றுக்கு 20,000 சொற்களும் ஆண்கள் 7,000 சொற்களும் பேசுவதாக ஒரு செய்தி நெடுங்காலமாக உலவி வருகிறது. 2006இல் லூவான் பிரிசன்டைன் எழுதிய நூலிலும் இது இடம்பெற்றது. மொழியியலாளர் மார்க் லிபர்மன் இதன் மூலத்தைத் தேடி, எந்த ஆய்வும் பின்னால் இல்லை எனக் காட்டினார். நூலின் பிந்தைய பதிப்பில் அது நீக்கப்பட்டது. 2007இல் மத்தியாஸ் மேல் குழுவினர், விட்டுவிட்டு ஒலிப்பதியும் கருவியை 396 மாணவர்களிடம் தந்து அளந்தனர். பெண்களின் சராசரி 16,215 சொற்கள். ஆண்களின் சராசரி 15,669. 2025இல் இதனை 2,197 பேரிடம் விரிவாகச் செய்தபோது, பெரும்பாலான வயதினரிடம் தெளிவான வேறுபாடு இல்லை. 25 முதல் 64 வயது வரையிலான பெண்கள் மட்டும் அதே வயது ஆண்களைவிட நாளுக்குச் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசினர். குழந்தை வளர்ப்புப் பொறுப்பு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

சிகிச்சை முறை

கிறிஸ்டென்சனும் ஜேக்கப்சனும் இப்பாங்கைக் கருத்தில் கொண்டு ஒருங்கிணைந்த நடத்தைசார் இணையர் சிகிச்சை என்ற முறையை வகுத்தனர். முன்பிருந்த முறைகள் பேச்சுத் திறன்களைக் கற்பித்து நடத்தையை மாற்ற முயன்றன. இம்முறையோ, யார் தொடங்கினார் என்ற வழக்கை ஒதுக்கி வைத்து, சுழற்சியையே இருவருக்கும் எதிரே உள்ள ஒரு மூன்றாம் பொருளாகப் பார்க்கப் பழக்குகிறது. அதற்கு இணையரே ஒரு பெயர் வைத்துக்கொள்வதும் உண்டு. "நீ மீண்டும் தொடங்கிவிட்டாய்" என்பதற்கும் "அது மீண்டும் வந்துவிட்டது" என்பதற்கும் இடையிலான வேறுபாட்டில்தான் இம்முறையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

லாஸ் ஏஞ்சலஸ், சியாட்டில் ஆகிய நகரங்களில் நெடுநாள் கடும் பிணக்கில் இருந்த 134 தம்பதியரிடம் இம்முறையும் பழைய முறையும் ஒப்பிடப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இரு முறைகளிலும் ஏறத்தாழ பாதிப் பேர் தெளிவான முன்னேற்றத்தில் இருந்தனர். கால்வாசிக்குச் சற்று மேற்பட்டோர் பிரிந்திருந்தனர். இரு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு அக்காலத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டது. கணவனின் கடும் வன்முறை காணப்பட்ட இணையர் இச்சோதனையில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை.